தீவுக்கு ஆள் அனுப்பிய அக்கா

அந்தத் தீவில் மாடு கிடையாது. மாடு இல்லாததால் பாலும் கிடையாது. பவுடரைக் கரைத்துத்தான் காபி. டூர் போகிறவர்களுக்குக் கொடுக்கிற தாளில் இதை முதல் வரியாகப் போட்டவர் அக்கா. மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு பெரியவர் பித்தளை ஃபில்டரும் ஒரு கிலோ காபிப்பொடியும் சுமந்துகொண்டு போய், ஐந்து நாள் பவுடர் காபி குடித்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று சண்டை போட்டார். அன்றைக்கே அந்த வரி ஏறியது. கடல் நீலமாக இருக்கும், மணல் வெள்ளையாக இருக்கும் என்பதெல்லாம் முதலாளி அச்சடித்த கலர் நோட்டீசில் இருந்தது. அதைப் பார்த்து வந்தவர்களுக்குக் கடைசியில் கையில் கிடைத்தது அக்காவின் தாள்.

எந்தத் தீவு என்று சொல்லமாட்டேன். தீவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்காவின் பெயரையும் சொல்லமாட்டேன். அவர் மேல் கோபம் உண்டு. ஆனாலும் சொல்லமாட்டேன்.

அல்சூரில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் எங்கள் டிராவல் ஆபீஸ். பெங்களூரிலிருந்து கொச்சிக்கு பஸ், அங்கிருந்து கப்பல், தீவில் ஐந்து நாள், திரும்பக் கப்பல். பெர்மிட் இல்லாமல் தீவில் கால் வைக்க முடியாது, அதையும் நாங்களே வாங்கித் தருவோம். மூன்று மேசை. முதலாளி, அக்கா, நான். நான் டைப்பிஸ்ட். இங்கிலீஷும் தமிழும் அடிப்பேன். நான் சேர்ந்தபோது காவிரிக் கலவரம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போர்டில் தமிழ் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் புதுசாகத் தெரிந்தது.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். முதலாளி அவரைவிட மூத்தவன், அவனும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அக்கா குள்ளம், கனத்த உடம்பு. புடவைக்கு மேலே போட்ட ஸ்வெட்டரை ஏப்ரல், மே தவிர மற்ற மாதங்களில் கழற்றி நான் பார்த்ததில்லை. கஸ்டமரிடம் இங்கிலீஷ், போலீஸ் ஸ்டேஷனில் கன்னடம், ஆட்டோக்காரனிடம் உருது, எங்களிடம் தமிழ். நாலிலும் அவர் செய்தது ஒரே வேலை. கேள்வி கேட்பது.

டிக்கெட் அவர் டிராயருக்குள் இருக்கும். கேட்டு முடிக்காமல் டிராயர் திறக்காது. முழங்கால் மடக்கி உட்கார முடியுமா என்பார். தீவில் இருந்தது எல்லாம் கீழே உட்காருகிற கக்கூஸ். ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள் என்பார். பதினோரு மணிக்கு ஜெனரேட்டர் நிற்கும், பிறகு டார்ச்தான். என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள், பெயர் என்ன, கையில் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்பார். ஐந்து நாள் டூருக்குப் பதினைந்து நாள் மாத்திரை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் சட்டம். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த மாத்திரைச் சட்டத்துக்கு டயர் கடைக்காரர் ஒரு காரணம் சொன்னார். கலவரத்தில் ஊரடங்கு போட்டிருந்தபோது அக்காவின் அம்மாவுக்கு மருந்து தீர்ந்துவிட்டதாம், தெரு முனையில் இருந்த மருந்துக்கடைக்குக் கூடப் போக முடியவில்லையாம். உண்மையா என்று அக்காவிடம் கேட்டேன்.

“இப்ப அது எதுக்கு? கார்பன மாத்து” என்றார்.

எல்லாரையும் கேட்பார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. புருஷன் இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். பன்னிரண்டு வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போகிறவர்களிடம் கேட்டது போதாது என்று, போய் வந்தவர்களையும் விடமாட்டார். பெர்மிட் நகலைத் திருப்பிக் கொடுக்க எல்லாரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். அப்படி ஒரு சட்டமே கிடையாது, அந்த நகல் யாருக்கும் வேண்டாம் என்று எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆட்களை வரவழைக்க அக்கா கட்டிய கதை அது. வந்தவர்களை உட்காரவைத்து, என்ன கஷ்டம் வந்தது என்று மட்டும் கேட்பார். நல்லா இருந்துச்சு என்று யாராவது ஆரம்பித்தால், “அது நோட்டீஸ்ல இருக்கு, வேற சொல்லுங்க” என்பார்.

ஒரு தடவை ஒரு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தார். அக்கா அவரை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் அரைமணி நேரம் பேசினார். மறுநாள் காலை வந்ததும் எனக்கு ஒரு வரி சொன்னார். பல்செட் போட்டவர்கள் கப்பலில் ஏறியதும் அதைக் கழற்றிப் பெட்டியில் வைக்கவும், குமட்டல் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். அடித்தேன். முதலாளி படித்துவிட்டு வந்தான்.

“யாரோடது அக்கா?”

“கடல்ல போச்சி.”

“யாருதுன்னு கேட்டேன்.”

“கடல்ல போயி கேளு.”

“இதையெல்லாம் படிச்சா எவன் போவான்?”

“பல்லு இல்லாதவன் தைரியமா போவான்” என்றார். வரி நின்றது. ஆள் யார் என்பது நின்ற இடத்திலேயே நின்றது. அந்த அம்மாள் பிறகு தன் மகள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அக்கா அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல வாங்க என்றார்.

தாள் இப்படித்தான் வளர்ந்தது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆள். வரியை அக்கா வெளியே விடுவார், ஆளை விடமாட்டார். அடிக்கிறவன் நான் என்பதால் எனக்கு அரிக்கும். நண்டு அலர்ஜி வரி யாருடையது, கிணற்றுத் தண்ணி உப்பு என்று தெரியாமல் சாயம் போட்ட தலையைக் கெடுத்துக்கொண்டது யார் என்று யோசித்துக்கொண்டே அடிப்பேன். சிலதைக் கண்டுபிடித்தும் இருக்கிறேன். சொன்னால் அக்கா ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார்.

அவரை நல்லவராக மட்டும் எழுத எனக்கு இஷ்டமில்லை. அவர் கேட்கிற விதம் அசிங்கமாக இருக்கும். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண்ணை மாமனார் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகனுக்கு அன்றைக்கு லீவு இல்லை, டிக்கெட்டை இவர் வாங்க வந்தார். அக்கா அந்தப் பெண்ணிடம், மாசத்தில் எத்தனாம் தேதி தலைக்கு ஊற்றிக்கொள்வாய் என்று கேட்டார். மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கிழவர் எழுந்துவிட்டார். இது ஆபீசா, ஆஸ்பத்திரியா என்றார்.

“அங்க இருக்கறது ஒரே ஒரு கடை ஐயா. சோப்பும் பிஸ்கட்டும்தான் விக்கிறான். மருமகளுக்கு அவசரம்னா நீங்க நீந்தி வந்து வாங்கிட்டுப் போவீங்களா?” என்றார் அக்கா.

கிழவர் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனாள். முதலாளி குதித்தான். எனக்கும் பிடிக்கவில்லை. கேட்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறது, அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் என்று சொன்னேன்.

“நைசா கேட்டா நைசா பொய் சொல்றாங்கப்பா” என்றார்.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா இல்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தது நான். ஸ்ரீராம்புரத்துப் பையன், ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அப்பா இல்லாத ஒரே பிள்ளை. நான் நன்றாகத்தான் விசாரித்தேன். சம்பளம் என்ன, வீடு சொந்தமா, குடி உண்டா, கடன் உண்டா. எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தது. உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் போய் யாரும் அதைக் கேட்பதில்லை, பெண் வீட்டுக்காரன் அப்படிக் கேட்டால் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளைதான் பார்க்க வேண்டும்.

கல்யாணமாகி இரண்டாவது மாதம் ஒரு டூரில் இரண்டு இடம் காலியாக இருந்தது. முதலாளி உன் தங்கையை அனுப்பு என்றான். இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். அக்கா என் தங்கை என்று பார்க்கவில்லை, எல்லாரையும் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் வெட்கப்பட்டு மாடிப்படியில் போய் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையிடம் என்ன மாத்திரை என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. ஒன்றும் இல்லை என்று சட்டென்று சொன்னான். அக்கா இல்லை என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் நான் பெர்மிட் வேலையாக வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போது மாப்பிள்ளை எங்கள் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தான். என்ன மாப்பிள்ளை என்றேன். ஷூ சைஸ் கேட்டிருந்தார்கள், சொல்லிவிட்டுப் போகிறேன் என்றான். பவளப்பாறை காலைக் கிழிக்கும், கான்வாஸ் ஷூ இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது தாளில் இருக்கிற வரி. நம்பினேன்.

அதற்கு அடுத்த நாள் காலை அக்கா ஒரு புது வரி சொன்னார். வரி என்று சொல்ல முடியாது, அரைப் பக்கம். அப்போது ஆபீசில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அவர் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அடித்தேன்.

யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு எதையும் திணிக்க வேண்டாம். வாயில் ஸ்பூன், விரல் எதையும் விட வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்குக் கீழே துணி வைக்கவும். கடிகாரத்தைப் பார்க்கவும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவும். தண்ணீரில் இருக்கும்போது வந்தால் முகத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தவும். யாரும் தனியாகக் கடலில் இறங்கக் கூடாது. இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது. கூட இருப்பவர் ஒரு கை தூரத்தில் நிற்கவும்.

“யாரு அக்கா இந்தக் கிராக்கி?” என்றேன்.

“அடிப்பா.”

சாவி விஷயத்தில் நான் வாதாடினேன். எங்கள் தெருவில் ஒரு பூக்காரருக்கு வலிப்பு வரும். யாராவது ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நானே ஒரு தடவை திணித்திருக்கிறேன்.

“அது தானா நிக்கறதுப்பா. சாவி வாங்கிட்டு நிக்கறதில்ல” என்றார். எதிர் வரிசையில் இருந்த டாக்டரிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தத் துண்டுச் சீட்டுதான் அது. அவர் இவ்வளவு மெனக்கெட்டது யாருக்காக என்று வழக்கம்போல யோசித்தேன். அடுத்த டூரில் பதினெட்டுப் பேர். பதினாறு பேரைத்தான் யோசித்தேன்.

டிக்கெட் கொடுக்கிற அன்று அக்கா தங்கையிடம் தாளைக் கொடுத்து, அந்த அரைப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தாள். இன்னொரு தடவை படி என்றார். தங்கை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படித்தாள். நானும் சிரித்தேன். மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீவில் மூன்றாம் நாள் காலையில் வந்தது. இடுப்பளவுத் தண்ணீர். பேசிக்கொண்டே இருந்தவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே போயிருக்கிறான். ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள் என்பதால் பிடித்துவிட்டாள். தாடைக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து முகத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். படகு இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து கரைக்குத் தூக்கினார்கள். கரையில் நம் ஊர்க்காரர் ஒருவர் ரூம் சாவியோடு ஓடிவந்தார். அவர் கையைத் தட்டிவிட்டாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து வாட்ச்சைப் பார்த்தாள். நாலு நிமிஷம் என்றாள் என்னிடம்.

முழித்ததும் அவளிடம் அவன் சொன்னது, இதற்கு முன்னால் எனக்கு இப்படி வந்ததே இல்லை என்பது. ஊருக்குத் திரும்பியதும் அவன் அம்மாவும் அதையேதான் சொன்னாள். வெயிலும் கப்பலும் சேர்ந்து பண்ணிய வேலை, உன் அண்ணன் ஆபீஸ்தானே அனுப்பியது என்றாளாம். தங்கை ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைப் பார்க்க வந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். அந்த அரைப் பக்கம் எப்போது தாளில் ஏறியது?

பழைய தாள்களை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடித்தவன் நான். மாடிப்படியில் அவன் இறங்கி வந்ததும் ஷூ சைஸ் என்று சொன்னதும் அப்போதுதான் மண்டைக்கு ஏறியது.

நேராகப் போய் அக்காவின் மேசை முன்னால் நின்றேன். முதலாளியும் இருந்தான். மாப்பிள்ளை உங்களிடம் வந்து சொன்னாரா என்று கேட்டேன். தாளில் இருப்பது தாளில் இருக்கிறது என்றார். என் தங்கை அக்கா என்றேன். தெரியும் என்றார். பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, என் கையாலேயே அடிக்கவைத்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. முதலாளி என்னைப் பிடித்து உட்காரவைத்தான். அக்கா நான் முடிக்கும்வரை இருந்தார்.

“ஒருத்தரு சொன்னத நான் வெளியே விட்டேன்னு வை, அடுத்த ஆளு என்கிட்ட மாத்திர பேரச் சொல்ல மாட்டான். சொல்லாமலே கப்பல் ஏறிடுவான்” என்றார்.

“ஞாயித்துக்கெழம அவங்க வீட்ல பேசப் போறோம். நீங்க வந்து சொல்லணும்.”

“வரேன். சொல்ல மாட்டேன்.”

வந்தார். ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஏழாவது ஆள் நிற்க வேண்டும். மாப்பிள்ளை, அவன் அம்மா, அவன் தாய்மாமன். எங்கள் பக்கம் அம்மா, தங்கை, நான். அக்கா கதவோரம் ஸ்டூலில். எனக்கு வேண்டியது ஒன்றுதான். தெரிந்தே மறைத்தார்கள் என்று எல்லார் முன்னாலும் ஆக வேண்டும். ஆகிவிட்டால் தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன். ஆகாவிட்டால் அவள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு.

சம்பந்தியம்மாள் ஆரம்பித்தாள். என் பிள்ளைக்குத் தலைவலி என்று கூட ஒரு நாள் வந்ததில்லை, உங்கள் வீட்டுப் பெண் காலடி வைத்த பிறகுதான் இதெல்லாம் என்றாள். தாய்மாமன் சாமி மேல் சத்தியம் பண்ணினான். என் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. வந்தாரா இல்லையா?”

அக்கா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கொடுத்த காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையைப் பார்த்து, கவுண்டரில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“தம்பி, மாத்திர இன்னும் எத்தினி நாளைக்கி இருக்கு?”

“இன்னா மாத்திர? யாருக்கு மாத்திர?” என்றாள் அவன் அம்மா.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாய்மாமன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

“ஆறு நாளைக்கி இருக்கு” என்றான் மாப்பிள்ளை.

அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தங்கைதான் கேட்டாள். எத்தனை வருஷமாக என்றாள். ஏழாவது படிக்கும்போதிலிருந்து என்றான். மாத்திரை போட்டும் தீவில் எப்படி வந்தது என்றாள். கப்பலில் நாலு பேர் படுக்கிற ரூம், மாத்திரை வைத்திருந்த ஷேவிங் டப்பாவைத் திறந்தால் நீ பார்த்துவிடுவாய் என்று இரண்டு நாள் போடவில்லை என்றான். அவன் சொல்லிக்கொண்டே போனான், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருக்கிறார்கள் என்பதுபோல இருந்தது. நான் எழுந்தேன். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. துணியை எடுத்துக்கொள், கிளம்பு என்றேன் தங்கையிடம். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அம்மாவும் அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். எனக்குக் கோபம் அப்போதும் அடங்கவில்லை. அக்காவிடம் போய், இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் என் தங்கை அந்தத் தண்ணீரில் நின்றிருக்கமாட்டாள் என்றேன்.

“சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

“அன்னிக்கே கூட்டிட்டு வந்திருப்பேன்.”

“அவளக் கேட்டுட்டா?”

என் தங்கையை நான் என்ன கேட்பது என்றேன். அக்காவின் பஸ் முதலில் வந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அதே அறையில் வேலை செய்தோம். தாளைப் பற்றித் தவிர வேறு பேச்சு கிடையாது. ஜனங்கள் வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் டிக்கெட் எடுக்க ஆரம்பித்ததும் ஆபீஸ் படுத்துவிட்டது. கடைசித் தாள் நாலு பக்கம். முதலாளி மேசைகளை விற்றான். அக்கா எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், இன்றைக்கும் அவர் செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கப்பல் ஏறாதே என்று அந்தப் பையனிடம் சொல்லியிருக்கலாம். பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வா, அப்புறம்தான் டிராயரைத் திறப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அரைப் பக்கம் எழுதிவிட்டு ஒரு உயிரை அதை நம்பி அனுப்பினார். நாலு நிமிஷத்தில் நின்றது. நிற்காமல் போயிருந்தால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தங்கை விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நாலு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். நான் வக்கீலைப் பார்த்தேன். மாமாக்களைக் கூட்டிவைத்துப் பேசினேன். கொடுத்த நகையைத் திருப்பி வாங்கினேன். அவளுக்கு ஒரு வேலையும் பார்த்து வைத்தேன். மாப்பிள்ளை வாரம் ஒரு தடவை வந்து எதிர் டீக்கடையில் நிற்பான், நான் போய் விரட்டுவேன். வீட்டில் எல்லாரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவள் சமையல் செய்தாள், துணி துவைத்தாள், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் பையோடு வாசலில் நின்றாள்.

“எங்கம்மா போற?” என்றேன்.

“இப்பத்தான் கேக்கறே” என்றாள்.

ஸ்ரீராம்புரத்துக்கு ஆட்டோ நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.